குடும்ப மரத்துக்கு மென்பொருள்: தெரிவும் பாவனையும்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பப்பாவின் ஊர் காரைநகர். அம்மம்மா பிறந்தது மலேயாவில். பெரியப்பாவின் பிள்ளைகள் கனடாவில், சின்னம்மா குடும்பம் லண்டனில். வீட்டுப் பத்திரங்களில் பாதி 1983இல் போய்விட்டது, மீதி அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. இப்படி ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுத ஒரு சி.ஆர். கொப்பி போதாது என்று தெரிந்ததும் மென்பொருள் தேடத் தொடங்குவோம்.

தேடினால் வரிசையாக வரும். எல்லாவற்றிலும் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை, குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் நாடுகளில், அந்த ஆட்களுக்காகச் செய்யப்பட்டவை. நம்முடைய பெயர் முறை வேறு, கலியாண முறை வேறு, ஆண்டுக் கணக்கும் வேறு. அதனால் வசதிகளின் பட்டியலைப் பார்த்து மயங்காமல், நம் குடும்பத்தின் சிக்கலான இடங்களை எது தாங்கும் என்று பார்த்துத் தெரிய வேண்டும். என் தெரிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மூலப்பிரதி உங்கள் சொந்தக் கணினியில், கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் இருக்கட்டும். இணையத்தளங்களை ஆவணம் தேடுவதற்கும் உறவுகளுக்குக் காட்டுவதற்கும் மட்டும் பாவியுங்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

கணினியைத் திறக்க முன்னர்

வீட்டில் உள்ள கடதாசிகளை ஒரு பெட்டிக்குள் கொண்டுவாருங்கள். பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்கள், பழைய கடவுச்சீட்டு, சாதகக் குறிப்பு, கலியாண அழைப்பிதழ், காணி உறுதி எல்லாம்.

பழைய பிறப்புச் சான்றிதழை இரண்டு தடவை வாசியுங்கள். தாய் தந்தை விபரத்தோடு அது நிற்பதில்லை. பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவரது பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுத ஒரு கூண்டு இருக்கும். தந்தை இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் இங்கே பிறந்திருந்தால் அவருக்கும் ஒரு கூண்டு. வம்சாவளிக் குடியுரிமைக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட கேள்விகளும் இவைதான். எத்தனையோ பேரை அலைக்கழித்த கேள்விகள், இன்று நமக்கு நான்கு தலைமுறையை ஒரே தாளில் தருகின்றன.

பெண்வழியைத் தேடுவோருக்குச் சீதன உறுதி பெரிய உதவி. யார், எந்த மகளுக்கு, எந்தக் காணியைக் கொடுத்தார், அது அவருக்கு முதுசமாக வந்ததா, தேடிய தேட்டமா என்றெல்லாம் அதில் இருக்கும். ஒரு உறுதி அதற்கு முந்திய உறுதியைச் சுட்டும். அப்படியே பின்னால் போகலாம். வேறு எந்தப் பத்திரத்திலும் பெயர் வராத பாட்டிமார் உறுதிகளில் வருகிறார்கள்.

யாழ்ப்பாணத்து வேர் உள்ள குடும்பங்களில் கல்வெட்டைத் தேடாமல் விடக்கூடாது. கருங்கல்லில் வெட்டியதைச் சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவு மலரைச் சொல்கிறேன். இறந்தவரின் வரலாறு, பெற்றோர், சகோதரர், மருமக்கள், சில வேளை ஐந்தாறு தலைமுறை வம்சாவளி அட்டவணை, இறந்த திதியைச் சொல்லும் வெண்பா எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் ஒன்றுவிட்ட மாமா ஒருவரின் வீட்டில் ஒரு கட்டு இருக்கும். நூலகம் எனும் எண்ணிம நூலகத் திட்டம் 2005 முதல் இப்படியான நினைவு மலர்களையும் சேர்த்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

மலையகக் குடும்பமானால் பெட்டிக்குள் வருவது வேறு கடதாசிகள்: பிரஜாவுரிமை விண்ணப்பம், தோட்டத்துச் சம்பளத் துண்டு, 1964 ஒப்பந்தத்தின் பின் இந்தியா போன சித்தப்பாவின் கடவுச்சீட்டு, அங்கே கொடுத்த குடும்ப அட்டை. தோட்டத்தின் பெயரோடு டிவிசனின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் ஆட்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கும். இரண்டுமே வேண்டும்.

பெட்டி நிறைந்ததும் வயதானவர்களிடம் போங்கள். போனில் குரலைப் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். "எங்கட பரம்பரையைச் சொல்லுங்கோ" என்று கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். "அம்மம்மா, உங்கட கலியாணம் எந்த வீட்டில நடந்தது? ஆர் ஆர் வந்தவை?" என்று கேட்டால் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். பழைய படங்களையும் கொண்டு போங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயர் சொல்லத் தெரிந்தவர் குடும்பத்தில் ஒருவர்தான் மிச்சம் என்ற நிலை பல வீடுகளில் இருக்கிறது.

எதைத் தெரிவது

மென்பொருள்கள் இரண்டு வகை. கணினியில் நிறுவி, தரவை நம்மிடமே வைத்திருப்பவை ஒரு வகை. இணையத்தளத்தில் கணக்குத் திறந்து எழுதுபவை மற்றது.

முதல் வகையில் கிராம்ப்ஸ் விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திறந்த மூலம், காசு இல்லை. யூனிகோடுத் தமிழை அப்படியே ஏற்கும். குறை என்னவென்றால், முதலில் பார்க்கும்போது மிரட்டும். ஆட்கள், குடும்பங்கள், நிகழ்வுகள், இடங்கள், ஆதாரங்கள், குறிப்புகள் என்று இடப்பக்கத்தில் நிறையப் பகுதிகள். அவசரப்படாமல் ஒரு வாரம் கொடுத்தால் பழகிவிடும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் ரூட்ஸ்மஜிக்கின் இலவசப் பதிப்பைப் பார்க்கலாம். அது விண்டோஸிலும் மக்கிலும் ஓடும், தொடங்குவது இலகு. ஆனால் சில வசதிகளைக் காசு கொடுத்தால்தான் திறக்கும்.

இணையத்தில் மைஹெரிட்டேஜ் நம்மவரிடையே பரவலாக இருக்கிறது. போனிலேயே பாவிக்கலாம், வெளிநாட்டு உறவுகள் படம் ஏற்றலாம். இலவசக் கணக்கு 250 பேரோடு நின்றுவிடும். நம் குடும்பங்களுக்கு அது இரண்டு கலியாண வீட்டுக்கே காணாது. ஜெனி, விக்கிட்ரீ இரண்டும் உலகம் முழுவதற்கும் ஒரே மரம் என்ற எண்ணத்தில் இயங்குபவை.

ஃபமிலிசேர்ச் முழுக்க இலவசம். அமெரிக்காவின் மோர்மன் திருச்சபை நடத்துவது. அங்கேயும் ஒரே பொது மரம்தான். நீங்கள் எழுதிய கொள்ளுப்பாட்டனை முன்பின் தெரியாத ஒருவர் திருத்தலாம். உயிரோடு இருப்பவர்களின் விபரம் மட்டும் பொதுவில் தெரியாது. அந்தத் திருச்சபையில் இறந்தவர்களுக்காகச் சமயச் சடங்கு செய்யும் வழக்கம் உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். சிலருக்கு அது ஒரு பொருட்டில்லை, சிலருக்கு மனம் ஒப்பாது. ஆனால் ஆவணத் தேடலுக்கு அதை விடச் சிறந்த இலவச இடம் இல்லை. கொழும்பு மாவட்டத்து ஒல்லாந்து சீர்திருத்தத் திருச்சபையின் பதிவேடுகளை அங்கே படமாகவே பார்க்கலாம்.

எதைத் தெரிந்தாலும் ஒரு கேள்விக்கு "ஆம்" என்ற பதில் வேண்டும்: எழுதியதை முழுவதுமாக வெளியே எடுக்க முடியுமா? வம்சாவளி மென்பொருள்கள் தமக்குள் தரவைப் பரிமாற கெட்கொம் என்ற பொதுக் கோப்பு வடிவத்தைப் பாவிக்கின்றன. 1984இல் வந்தது. இன்று எங்கும் ஓடுவது 5.5.1 பதிப்பு. 2021இல் 7.0 வந்திருக்கிறது, ஆனால் எல்லா மென்பொருளும் அதற்கு இன்னும் மாறவில்லை. இந்தக் கோப்பாக ஏற்றுமதி செய்ய விடாத எதிலும் ஒரு பெயர்கூட எழுதாதீர்கள். மென்பொருள்கள் செத்துப் போகும் என்பது வெறும் பயம் அல்ல. பல காலம் பாவனையில் இருந்த பர்சனல் என்செஸ்ட்ரல் ஃபைல் 2013இல் நிறுத்தப்பட்டது. ஃபமிலி ட்ரீ மேக்கரைக் கைவிடப் போவதாக என்செஸ்ட்ரி நிறுவனம் 2015 டிசம்பரில் அறிவித்தது. வேறொரு நிறுவனம் அதை வாங்கியதால்தான் அது தப்பியது.

முடிவெடுக்க முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேரை மட்டும் தமிழில் எழுதுங்கள். அதில் தந்தை பெயரை முன்னால் வைத்த ஒருவர், இரண்டு தாரம் கட்டிய ஒருவர், மாமன் மகளைக் கட்டிய ஒருவர், திகதி தெரியாத ஒருவர் இருக்கட்டும். பிறகு மரத்தை அச்சுக்கு அனுப்பிப் பாருங்கள். "யோகேஸ்வரி", "கௌசல்யா", "ஸ்ரீஸ்கந்தராஜா" ஆகிய பெயர்கள் உடையாமல் வருகின்றனவா? கொம்பும் காலும் பிரிந்து நின்றால் வேறு எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள், அல்லது இணையப்பக்கமாக வெளியிட்டு உலாவியில் திறந்து அங்கிருந்து அச்சிடுங்கள். கடைசியாக, கெட்கொம் கோப்பாக எடுத்து இன்னொரு மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள். தமிழ் எழுத்து கேள்விக்குறிகளாக மாறினால் அதை விட்டுவிடலாம்.

யாராவது முன்னரே யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வம்சாவளி உங்களிடம் இருந்தால், நேரே வெட்டி ஒட்டாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றி, ஒரு தடவை வாசித்துத் திருத்திய பிறகு ஏற்றுங்கள்.

பெயரை எந்தக் கூண்டில் போடுவது

நம்மவர் மரங்களில் மிகக் கூடுதலான குழப்பம் இங்கேதான். மென்பொருள் கேட்பது இரண்டு: இயற்பெயர், குடும்பப் பெயர். கந்தையாவின் மகன் செல்லத்துரை, அவருடைய மகள் நாகேஸ்வரி என்று வைப்போம். செல்லத்துரையின் குடும்பப் பெயர்க் கூண்டில் "கந்தையா" என்று எழுதினால், மென்பொருள் நல்ல எண்ணத்தோடு நாகேஸ்வரிக்கும் "கந்தையா" என்று தானாகவே போட்டுவிடும். அடுத்த தலைமுறையில் மரம் முழுக்கக் கந்தையாக்கள்.

கிராம்ப்ஸில் இதற்கு வழி இருக்கிறது. விருப்பத் தெரிவுகளில் குடும்பப் பெயரை ஊகிக்கும் முறை என்று ஒன்று வரும். ஐஸ்லாந்திலும் தந்தை பெயர் முறைதான் என்பதால் அவர்களுக்கென ஒரு தெரிவுகூட அதில் உண்டு. நமக்குப் பொருத்தமானது "எதுவும் வேண்டாம்" என்பது. அதைத் தெரிந்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கூண்டில் கையால் எழுதுங்கள். பக்கத்தில் அந்தப் பெயரின் தோற்றம் என்ன என்று கேட்கும் இடத்தில், தந்தை வழிப் பெயர் என்ற பொருள்படும் வகையைத் தெரியுங்கள். கொழும்புச் செட்டிகள், சில கிறிஸ்தவக் குடும்பங்கள் போலப் பரம்பரையாகவே ஒரு பெயர் வருபவர்களுக்குப் பரம்பரைப் பெயர் என்று குறியுங்கள். ஒரே மரத்தில் இரண்டு முறையும் கலந்து வரலாம், பிரச்சினை இல்லை.

முதலெழுத்தை மட்டும் எழுதுவதை எப்படியாவது தவிருங்கள். "க. செல்லத்துரை" என்று இருந்தால் க என்பது கந்தையாவா, கதிரவேலுவா, கனகசபையா என்பதை நாற்பது வருடம் கழித்துப் பார்ப்பவர் கண்டுபிடிக்க முடியாது. விரித்து எழுதுங்கள். தெரியாவிட்டால் முதலெழுத்தை எழுதி, விரிவு தெரியாது என்று குறிப்பில் போடுங்கள்.

பெண்களுக்கு முதன்மைப் பெயராகப் பிறந்த வீட்டுப் பெயர்தான் இருக்க வேண்டும். கலியாணத்துக்குப் பின் கணவர் பெயரோடு வந்த பெயரை மாற்றுப்பெயராக, விவாகப் பெயர் என்ற வகையில் சேருங்கள். அப்படிச் செய்யாவிட்டால் அவருடைய தாய் தந்தையைத் தேடும் வழியே அடைபட்டுவிடும். பெயரே தெரியாத பாட்டி ஒருவர் இருந்தால் "மனைவி" என்று எழுதி நிரப்பாதீர்கள். கூண்டை வெறுமையாக விட்டு, "பெயர் தெரியாது, புங்குடுதீவைச் சேர்ந்தவர் என்று பெரிய மாமி சொன்னார்" என்று குறிப்பு எழுதினால், பின்னால் வருபவருக்குத் தொடங்க ஓர் இடமாவது கிடைக்கும்.

மாற்றுப்பெயர் வசதியைத் தாராளமாகப் பாவியுங்கள். சான்றிதழில் சோமசுந்தரம், வீட்டில் ராசன், ஊரில் பட்டப்பெயர் ஒன்று என்று ஒரே ஆள் மூன்று பேராக உலாவுவது நமக்குப் புதிதல்ல. சான்றிதழ் சிங்களத்தில் இருந்தால் பெயரின் உச்சரிப்பே கொஞ்சம் மாறியிருக்கும். ஆங்கிலப் பதிவுகளில் ஒரு செல்லையா எஸ் எழுத்தில் தொடங்குவார், இன்னொரு இடத்தில் சி எழுத்தில் தொடங்குவார். தமிழ்ப் பெயரை முதன்மையாக வைத்து, ஆவணங்களில் கண்ட ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றையும் மாற்றுப்பெயராகச் சேருங்கள். இணையத்தில் தேடும்போது அவைதான் கைகொடுக்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத கனடாப் பேரப்பிள்ளைகளுக்கும் அது உதவும்.

கெட்கொம் வடிவத்தில் சாதிக்கென்றே ஒரு குறியீடு இருக்கிறது. அதனால் சில மென்பொருள்களில் அந்தக் கூண்டு கண்ணில் படும். கட்டாயம் எதுவும் இல்லை. நான் அதை வெறுமையாகத்தான் விடுவேன். ஆதார ஆவணத்தில் இருந்தால் ஆவணத்தின் படத்தோடு இருக்கட்டும். மரத்தில் தொங்கவிட வேண்டியதில்லை.

குரோதி வருடம், ஆவணி மாதம்

சாதகத்திலும் கல்வெட்டிலும் ஆண்டு அறுபதாண்டு வட்டத்துப் பெயரில் இருக்கும். குரோதி என்றால் அது 1904 சித்திரையில் தொடங்கிய வருடமாகவும் இருக்கலாம், 1964இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். பெரும்பாலும் பிள்ளைகளின் வயதைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். தை முதல் பங்குனி வரையான மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் என்பதை மறக்காதீர்கள். குரோதி மாசியில் பிறந்தவர் 1904 அல்ல, 1905.

திவசம் தவறாமல் செய்யும் வீடுகளில் இறந்த மாதம், பட்சம், திதி மூன்றும் மனப்பாடமாக இருக்கும், ஆண்டு மட்டும் ஆட்டம் காணும். ஆண்டைக் கண்டுபிடித்துவிட்டால் பழைய பஞ்சாங்கத்தில் பார்த்து ஆங்கிலத் திகதியைப் பிடித்துவிடலாம். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில இடங்களில் ஒரு நாள் வேறுபடும். ஆகவே கணித்த திகதி என்று குறியுங்கள். சான்றிதழில் கண்ட திகதிக்கும் நாம் கணித்த திகதிக்கும் வித்தியாசம் காட்ட மென்பொருளில் வசதி உண்டு. மூல வாசகத்தையும் அப்படியே குறிப்பில் எழுதிவிடுங்கள்.

வயதானவர்கள் ஆண்டைச் சொல்லமாட்டார்கள், சம்பவத்தைச் சொல்வார்கள். "ஜப்பான்காரன் கொழும்பில குண்டு போடேக்க நான் கைக்குழந்தை" என்றால் அது 1942 ஏப்ரல் 5. "ஐம்பத்தெட்டுக் கலவரத்துக்கு முதல் பிறந்தவன்", "சூறாவளி அடிச்ச வருசம்" என்று கிழக்கில் சொன்னால் 1978 நவம்பர். மென்பொருளின் திகதிக் கூண்டில் சுமார், முன், பின், இடைப்பட்ட என்று குறிக்க முடியும். ஜனவரி 1 என்று சும்மா ஒரு திகதியைப் போட்டு நிரப்பும் பழக்கம் மட்டும் வேண்டாம். கொஞ்சக் காலத்தில் அது உண்மைத் திகதியாகிவிடும்.

இடப்பெயர்களிலும் காலம் இருக்கிறது. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது, அம்பாறை 1961 வரை மட்டக்களப்போடு இருந்தது. பழைய பதிவு எந்தக் கச்சேரியில் இருக்கும் என்பது இதைப் பொறுத்தது. கிராம்ப்ஸில் ஓர் ஊரை ஒரு காலத்துக்கு ஒரு மாவட்டத்தின் கீழும், பிறகு இன்னொன்றின் கீழும் வைக்கலாம். ஊரை ஒரே ஒரு தடவை இடப் பட்டியலில் சேர்த்து, அதையே எல்லோருக்கும் தெரியுங்கள். "கொட்டாஞ்சேனை" மூன்று விதமாக எழுதப்பட்டால் அது மூன்று ஊராகிவிடும்.

சொந்தத்துக்குள் கலியாணம்

மச்சாளைக் கட்டியவர்கள் இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பாட்டன். எழுதும்போது கணவன் பக்கத்தில் ஒரு தடவை, மனைவி பக்கத்தில் ஒரு தடவை என்று பாட்டனை இரண்டு தடவை உருவாக்கிவிடுவது புதியவர்கள் வழமையாகச் செய்வது. ஓர் ஆளுக்கு ஒரு பதிவுதான். புதிய ஆளைச் சேர்க்க முன்னர் ஏற்கெனவே இருக்கிறாரா என்று தேடி, இருந்தால் அந்தப் பதிவோடு இணையுங்கள். வரையப்படும் படத்தில் அவர் இரண்டு இடத்தில் தோன்றலாம், அது சரிதான். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருப்பதால் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் மென்பொருள் கொடுக்கும் இலக்கத்தைப் பாவியுங்கள்.

மனைவி இறந்த பின் அவர் தங்கையைக் கட்டியவருக்கு இரண்டு குடும்பப் பதிவுகள் வேண்டும், பிள்ளைகளைச் சரியான தாயின் கீழ் போட வேண்டும். வளர்ப்புப் பிள்ளைக்கு வளர்த்தவர், பெற்றவர் இரு பக்கமும் இணைத்து, உறவின் வகையைக் குறிக்கலாம்.

உறவு முறையைக் கணித்துச் சொல்லும் வசதியில் நம்பிக்கை வைக்க வேண்டாம். அம்மாவின் தம்பியையும் அப்பாவின் தம்பியையும் ஒன்றாகவே சொல்லும். அதை அம்மாவிடமே கேளுங்கள்.

எங்கிருந்து தெரிந்தது என்று எழுதுதல்

புதியவர்கள் விட்டுவிடும் வேலை இது. மென்பொருள் பாவிப்பதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தகவலோடும் ஆதாரம் ஒன்றை இணையுங்கள். சான்றிதழானால் இலக்கம், பதிவுப் பிரிவு, பதிந்த திகதி. கல்வெட்டானால் யாருடையது, எந்தப் பக்கம். வாய்மொழியானால் யார் சொன்னது, எப்போது, அவர் நேரே கண்டாரா, கேட்டதைச் சொன்னாரா.

இரண்டு ஆதாரம் முரண்படும். கட்டாயம் முரண்படும். பாடசாலையில் சேர்க்க வயதைக் கூட்டியிருப்பார்கள், பதிவை ஒரு மாதம் பிந்திச் செய்திருப்பார்கள், சாதகத்தில் வேறு நாள் இருக்கும். ஒன்றை அழித்து மற்றதை வைக்காதீர்கள். இரண்டையும் வைத்து, எதை நம்புகிறீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஆவணங்களைப் போனில் படம் எடுத்தாலே போதும். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், பின்பக்கத்தையும் எடுங்கள். பழைய படங்களின் பின்பக்கத்தில்தான் ஸ்டூடியோ முத்திரையும் கையெழுத்தும் இருக்கும். கோப்புப் பெயரில் ஆண்டு, ஆள், ஆவண வகை இருக்கட்டும். வட்ஸ்அப்பில் வரும் படம் சுருங்கி வரும், ஆகவே அசல் கோப்பை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். எல்லாப் படங்களையும் ஒரே கோப்புறைக்குள் வைத்த பிறகே மென்பொருளில் இணையுங்கள். படத்தின் முகவரியை மட்டும்தான் மென்பொருள் நினைவில் வைத்திருக்கும், கோப்புறையைப் பிறகு இடம் மாற்றினால் படங்கள் காணாமல் போகும்.

கொழும்பில் எங்கே போவது

வீட்டுத் தகவல் தீர்ந்த பிறகுதான் வெளியே போக வேண்டும். நாடு தழுவிய சிவில் பதிவு 1867இல் தொடங்கியது. பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ் பிரதிகளுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். தலைமையகமான பதிவாளர் நாயகம் திணைக்களம் பத்தரமுல்லையில் இருக்கிறது, மத்திய ஆவண அறை மாளிகாவத்தையில் இருக்கிறது. பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் ஆண்டையும் பதிவுப் பிரிவையுமாவது நெருக்கிப் பிடித்துக்கொண்டு போங்கள். உங்கள் மரத்தில் "சுமார் 1920" என்று இருப்பதை "1918க்கும் 1921க்கும் இடையில்" என்று சுருக்கிவிட்டுப் போனால் தேடுபவரின் முகம் மாறும்.

கத்தோலிக்கக் குடும்பமானால் கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயம், கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம் போன்ற பங்குகளின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களையும் விடாமல் எழுதுங்கள். அநேகமாக மாமாவோ பெரியம்மாவோதான் அது. ஜிந்துப்பிட்டிப் பக்கத்து அங்கிலிக்கன் குடும்பங்களுக்கு அங்குள்ள புனித தோமையார் தேவாலயம். ஒல்லாந்தர் காலத்துக்குப் போகக்கூடியவர்கள் 1757இல் திறக்கப்பட்ட வுல்பெண்டால் ஆலயத்தை நினைவில் வையுங்கள்.

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலத் தோம்புகள், அதாவது காணி, குடும்பப் பதிவேடுகள், இருக்கின்றன. அவை ஒல்லாந்த மொழியில், பழைய கையெழுத்தில் எழுதப்பட்டவை. புதியவர் முதல் நாளே அங்கே போய்க் குந்தினால் ஏமாற்றம்தான். அங்கே நமக்கு உடனே பயன்படுவது பழைய பத்திரிகைகள். 1930இல் தொடங்கிய வீரகேசரியிலும் 1932இல் தொடங்கிய தினகரனிலும் வந்த மரண அறிவித்தல்கள் ஒவ்வொன்றும் குட்டி வம்சாவளி: எங்கே பிறப்பிடம், எங்கே வசிப்பிடம், யாரின் அன்புக் கணவர், யார் யாரின் பாசமிகு தந்தை, மாமனார், மைத்துனர் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். இறந்த திகதி தெரிந்தால் அதற்கடுத்த சில நாள் இதழ்களைப் பாருங்கள். வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. ஊர் வரலாறுகள், பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள் தேடுவோர் அங்கே ஒரு பகல் செலவிடலாம்.

மரபணுச் சோதனை பற்றிக் கேட்பவர்களுக்கு: பத்திரத் தேடல் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொந்தத்துக்குள் கலியாணம் மிகுந்த குடும்பங்களில் அது காட்டும் நெருக்கம் உண்மையான உறவை விடக் கூடுதலாகத் தெரியும்.

யாருக்கு எவ்வளவு காட்டுவது

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி, முகவரி, அடையாள அட்டை இலக்கம் எதையும் இணையத்தில் ஏற்றாதீர்கள். வங்கிகளில் தாயாரின் கன்னிப் பெயரைப் பாதுகாப்புக் கேள்வியாகக் கேட்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மைஹெரிட்டேஜில் இருந்து 9 கோடிக்கு மேற்பட்ட கணக்குகளின் மின்னஞ்சல் முகவரிகளும் மறைகுறியாக்கிய கடவுச்சொற்களும் கசிந்தது 2018இல் வெளிவந்தது. பெரிய தளம் என்பதால் பயமில்லை என்று நினைக்க முடியாது.

கிராம்ப்ஸில் ஒவ்வொரு பதிவிலும் பூட்டுப் படம் ஒன்று இருக்கும். அழுத்தினால் அந்தத் தகவல் தனிப்பட்டது என்று குறிக்கப்படும். விவாகரத்து, தத்தெடுப்பு, வெளியில் சொல்லாத முதல் கலியாணம் இவற்றுக்கு அந்தப் பூட்டு. ஏற்றுமதி செய்யும்போது பூட்டியவற்றையும் உயிரோடு உள்ளவர்களையும் விலக்கச் சொல்லலாம். அப்படி எடுத்த கெட்கொம் கோப்பைத்தான் இணையத்தளத்தில் ஏற்ற வேண்டும். உறவுகள் அங்கே பார்த்துப் பிழை சொல்வார்கள். திருத்தத்தை உங்கள் மூலப்பிரதியில் செய்து, மறுபடி ஏற்றுங்கள். இரண்டு இடத்திலும் திருத்தத் தொடங்கினால் எது சரி என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

வட்ஸ்அப் குழுவில் முழு மரத்தையும் போட்டு "பிழை இருந்தால் சொல்லுங்கோ" என்றால் கை கூப்பிய படம்தான் பதிலாக வரும். ஒரு கிளையை மட்டும் படமாக எடுத்து, அந்தக் கிளையில் உள்ள ஒருவருக்குத் தனியே அனுப்புங்கள். தன் பிள்ளைகளின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் உடனே போன் வரும். அப்போது மற்றதையும் கேட்டுவிடலாம்.

காப்புப்பிரதி

கெட்கொம் 5.5.1 கோப்பில் படங்கள் வராது, அவற்றின் முகவரி மட்டுமே வரும். ஆகவே காப்புக்கு இரண்டு கோப்பு வேண்டும். கிராம்ப்ஸில் படங்களையும் சேர்த்துப் பொதி செய்யும் ஏற்றுமதி வகை உண்டு, அது ஒன்று. எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய கெட்கொம் மற்றது. கோப்புப் பெயரில் திகதியைப் போடுங்கள், பழையதை மேலெழுத வேண்டாம். ஒரு பிரதி பென் டிரைவிலோ வெளி வன்தட்டிலோ, ஒன்று கூகிள் டிரைவ் போன்ற இடத்தில், இன்னொன்று வேறு நாட்டில் உள்ள நம்பிக்கையான ஒரு உறவினரிடம். நூறு பேரைச் சேர்த்ததும், அல்லது ஒரு பெரியவரோடு கதைத்துவிட்டு வந்து எழுதி முடித்ததும் ஒரு தடவை எடுத்துவிடுங்கள். எடுத்த பிரதியை வேறொரு கணினியில் திறந்து, ஓர் ஆளின் பெயரும் அவருடைய சான்றிதழின் படமும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பெரும்பாலும் படக் கோப்புறையின் முகவரிதான் பிழையாக இருக்கும். விருப்பத் தெரிவுகளில் அடிப்படைக் கோப்புறையைச் சரியாகக் காட்டிவிட்டு மீண்டும் பொதி செய்யுங்கள்.